வடக்குக் கோபுரமும் வசூல் நோட்டும்

நம்ம ஊர்க் கோயிலுக்கு நான்கு திசையிலும் நான்கு பெரிய கோபுரங்கள். கிழக்கே நிற்பது ராஜகோபுரம். உயரம் 217 அடி. கிருஷ்ணதேவராயர் தொடங்கி, தஞ்சை செவ்வப்ப நாயக்கர் முடித்து வைத்தது. ராஜா கட்டியதால் ராஜகோபுரம் என்று சின்னப் பிள்ளைகூடச் சொல்லிவிடும். வடக்கே நிற்பது 171 அடி. அதற்கு அம்மணியம்மன் கோபுரம் என்று பேர். அம்மணியம்மன் யாரு என்று என் வகுப்பில் கேட்டால், "ஏதோ அம்மன் பேரு சார்" என்றுதான் பாதிப் பிள்ளைகள் சொல்லுவார்கள். அவர் அம்மன் இல்லை. செங்கம் பக்கம் சென்னசமுத்திரத்தில் பிறந்த ஒரு பெண் துறவி. அவரிடம் கஜானா கிடையாது, பட்டாளம் கிடையாது. வீடு வீடாகப் போய்க் கேட்டுத்தான் அந்தக் கோபுரத்தை எழுப்பினார்.

"எங்க வீட்டில் ஒண்ணுமில்லையே அம்மா" என்று யாராவது கையை விரித்தால், உள்ளே எந்த இடத்தில் எவ்வளவு இருக்கிறது என்று அவர் சொல்லிவிடுவாராம். வேலைக்காரர்களுக்குக் கூலியாக விபூதியைக் கொடுப்பாராம். அது அவரவர் செய்த வேலைக்குத் தக்கபடி காசாக மாறிவிடுமாம். கதைதான். ஆனால் வரலாறு படித்தவனுக்குக் கதையிலும் ஒரு சேதி உண்டு. ஜனங்கள் ஒரு வசூல்காரரிடம் எதிர்பார்த்த இரண்டு குணங்கள் இந்தக் கதைக்குள் இருக்கின்றன. யாரிடம் எவ்வளவு முடியும் என்று தெரிந்து கேட்க வேண்டும். வாங்கிய காசு, செய்த வேலைக்குச் சரியாகப் போய்ச் சேர வேண்டும்.

மலர்க் குழு நண்பர்கள் "நீங்க சரித்திர வாத்தியாரு, ஊர் சரித்திரம் ஏதாவது எழுதுங்க" என்று கேட்டபோது எனக்கு இந்தக் கோபுரம்தான் நினைவுக்கு வந்தது. காரணம் உண்டு. நம் கல்லூரியில் படித்தவர்களில் ஆசிரியர்களும் தலைமை ஆசிரியர்களும் ஏராளம். மற்றவர்கள் தங்கள் பிள்ளைகள் படித்த பள்ளியில் பெற்றோர் ஆசிரியர் கழகப் பொறுப்பில் இருந்தவர்கள், அல்லது இப்போது பேரப்பிள்ளைகளுக்காக மேலாண்மைக் குழுக் கூட்டத்துக்குப் போகிறவர்கள். ஒவ்வொரு சந்திப்பிலும் சாப்பாட்டுப் பந்தியில் உட்கார்ந்ததும் இதே பேச்சுத்தான்: "ஸ்கூலுக்கு ஃபண்டு எப்படிய்யா சேர்க்கறது? யாரும் தர மாட்டேங்கறாங்களே!"

யாரும் தர மாட்டேன் என்கிற ஊரா இது?

கார்த்திகை தீபத்துக்கு மலைமேல் ஏற்றும் கொப்பரைக்கு மூவாயிரம் கிலோவுக்கு மேல் நெய் வேண்டும். அந்த நெய் பெரும்பாலும் காணிக்கையாக வருகிறது. ஆயிரக்கணக்கான பேர் கால் கிலோ, அரைக் கிலோ, ஒரு கிலோ என்று பணம் கட்டி ரசீது வாங்கிக்கொண்டு போகிறார்கள். காலணாக் காசு கையில் இருப்பவனும் மலைமேல் எரிகிற ஜோதியில் தன் பங்கும் இருக்கிறது என்று நினைத்துக்கொள்ளலாம். அதோடு, தீபம் குளிர்ந்த பிறகு கொப்பரையில் படிந்த மையை எடுத்து, ஆருத்ரா தரிசனத்தன்று நடராஜருக்குச் சாத்தி, நெய்க் காணிக்கை கொடுத்தவர்களுக்குப் பிரசாதமாகத் தருகிறார்கள். கொடுத்தது எங்கே போச்சு என்ற கேள்விக்கு இதைவிடக் கண்ணுக்குத் தெரியும் பதில் உண்டா? பதினோரு நாள் ஊரே பார்க்க எரிந்தது, மிச்சம் உன் நெற்றிக்கு வந்துவிட்டது.

"அது பக்தி சார், பள்ளிக்கூடத்துக்கு அது வராது" என்று சொல்லும் நண்பர்கள் உண்டு. எனக்கு அதில் சம்மதமில்லை. பக்தி இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் அளவு சிறியதாக இருப்பதும், கணக்கு எல்லார் கண்ணிலும் படுவதும், கொடுப்பவர் தானாக வந்து கொடுப்பதும் பக்திக்கு மட்டும் சொந்தமான விஷயங்கள் அல்ல. பள்ளிக்கூடத்துக்காக இதே வேலையை நம் தமிழ்நாட்டிலேயே செய்து காட்டியிருக்கிறார்கள்.

விருதுநகரை எடுத்துக்கொள்ளுங்கள். அப்போது அதன் பெயர் விருதுபட்டி. நாடார் சமூகத்து வணிகர்கள் தங்கள் உறவின்முறையில் மகமை என்று ஒரு வழக்கம் வைத்திருந்தார்கள். வியாபாரத்தில் கைமாறும் சரக்குக்கு இவ்வளவு என்று ஒரு சின்னத் தொகை பொதுப்பணத்துக்குப் போய்விடும். அதிலிருந்து கிணறு வெட்டுவார்கள், சத்திரம் கட்டுவார்கள். கோயிலுக்குள்ளேயே விடமாட்டோம் என்று மற்றவர்கள் மறித்து நின்ற காலம் அது. 1899ஆம் வருஷத்துச் சிவகாசிக் கலவரம் வரை அந்தப் பகை போயிற்று. நமக்குப் பள்ளிக்கூடம் வேண்டுமானால் நாமே கட்டிக்கொள்ள வேண்டியதுதான் என்ற நிலைமையில் பிறந்தது சத்திரிய வித்யாசாலை.

அந்தப் பள்ளிக்கு வந்த இன்னொரு வருமானம்தான் எனக்கு ரொம்பப் பிடித்தது: பிடி அரிசி. வீட்டில் உலை வைக்கும்போது, அளந்து எடுத்த அரிசியிலிருந்து ஒரு கைப்பிடியை எடுத்துத் தனியாக ஒரு பானையில் போட வேண்டும். குறித்த நாளில் ஆள் வந்து வாங்கிக்கொண்டு போவார். சேர்ந்த அரிசியை விற்றுப் பள்ளிக்கூடச் செலவுக்கு வைத்துக்கொள்வார்கள். இதில் உள்ள சூட்சுமத்தைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். கொடுப்பது யார்? வீட்டுப் பெண்கள். அவர்கள் கையில் அன்றைக்குக் காசு கிடையாது, ஆனால் அரிசிப் பானை அவர்கள் அதிகாரத்தில் இருந்தது. எவ்வளவு கொடுத்தார்கள்? அவரவர் கைப்பிடி அளவு. பணக்கார வீட்டுக் கையும் ஏழை வீட்டுக் கையும் ஏறக்குறைய ஒரே அளவுதானே! எங்கே கொடுத்தார்கள்? தங்கள் அடுப்படியில். பள்ளிக்கூட வாசலில் பையனைப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு அல்ல. ஒருநாள் வீட்டில் அரிசியே இல்லையென்றால் பானையில் விழாது, அவ்வளவுதான். அது யாருக்கும் தெரியாது. பையன் வகுப்பில் எழுந்து நிற்க வேண்டியதில்லை.

அந்தப் பள்ளியில் படித்த ஒரு பையனை உங்களுக்குத் தெரியும். 1903இல் பிறந்தவன், சின்ன வயசிலேயே தகப்பனைப் பறிகொடுத்தவன், ஆறாம் வகுப்போடு படிப்பை விட்டுவிட்டுத் துணிக்கடையில் உட்கார்ந்தவன். பிள்ளையார் சதுர்த்திக்குப் பள்ளியில் எல்லாப் பிள்ளைகளிடமும் காசு வாங்கினார்களாம். சுண்டல், கொழுக்கட்டை பங்கு வைக்கும்போது மற்றப் பிள்ளைகள் முண்டியடித்து வாங்கிக்கொள்ள, இவன் ஒதுங்கி நின்று கொஞ்சமாக வாங்கி வந்தானாம். வீட்டில் ஏண்டா என்று கேட்டதற்கு, "நானும் காசு குடுத்திருக்கேனே, வாத்தியாரு எல்லாருக்கும் சமமா குடுக்க வேண்டாமா" என்று திருப்பிக் கேட்டதாகச் சொல்லுவார்கள். எவ்வளவு தூரம் உண்மையோ, அந்தப் பையன் 1954இல் சென்னை ராஜ்யத்துக்கு முதலமைச்சர் ஆனபோது செய்த காரியத்தைப் பார்த்தால் கதை பொருத்தமாகத்தான் இருக்கிறது.

மதிய உணவை முதலில் நினைத்தவர் காமராஜர் இல்லை. 1920இலேயே சென்னை மாநகராட்சியில் பிட்டி தியாகராயர் ஆயிரம் விளக்குப் பள்ளியில், பிள்ளைக்கு ஒரு நாளைக்கு ஓர் அணாவுக்கு மேற்படாமல் செலவு என்று ஆரம்பித்தார். ஆனால் அதை மாநிலம் முழுக்கக் கொண்டுபோனது காமராஜர் காலம். 1956இல் பாரதி பிறந்த எட்டயபுரத்தில் தொடங்கியபோது கஜானாவில் அதற்கென்று பணம் ஒதுக்கி வைத்திருக்கவில்லை. ஊர்ப் பெரியவர்கள் கொடுத்தார்கள், விவசாயிகள் நெல்லாகவும் காய்கறியாகவும் கொடுத்தார்கள். அடுத்த வருஷம் அரசாங்கம் மானியம் தரத் தொடங்கியபோதும், செலவில் பத்துக்கு ஆறு பங்கு சர்க்கார், நாலு பங்கு ஊர் என்பதே ஏற்பாடு. இந்த ஆறு-நாலு கணக்கை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் இதற்குத் திரும்ப வருவேன்.

எனக்கு ஆரம்பப் பள்ளி நினைவு அறுபதுகளின் தொடக்கம். அன்றைக்கு நாம் வடஆற்காடு மாவட்டம். எங்கள் கிராமத்துப் பள்ளியில் சாப்பாடு என்பது பெரிய அண்டாவில் கொதிக்கும் கோதுமை ரவை, சில நாள் சோளமாவு. கேர் நிறுவனம் மூலமாக அமெரிக்காவிலிருந்து வந்தது என்று பின்னால் தெரிந்துகொண்டேன். விறகு மட்டும் ஊர். வேர்க்கடலை அறுவடை முடிந்த சமயத்தில் களத்துமேட்டில் பள்ளிக்கூடத்துக்கென்று ஒரு கூடை தனியாக இருக்கும். அந்தக் கூடையில் யார் எவ்வளவு போட்டார்கள் என்று எங்கள் வாத்தியார் எழுதி வைத்ததாக எனக்கு நினைவில்லை.

இந்த நேரத்தில் நடந்ததுதான் பள்ளிச் சீரமைப்பு இயக்கம். இதைப் பற்றி நம் மாணவர்களுக்கு ஒரு வரிகூடத் தெரியாமல் போய்விட்டதே என்பது என் ஆதங்கம். நெ.து. சுந்தரவடிவேலு அப்போது பொதுக்கல்வி இயக்குநர். கல்வியையும் நிதியையும் சேர்த்துப் பார்த்த அமைச்சர் சி. சுப்பிரமணியம். 1958இல் செங்கற்பட்டு மாவட்டம் கடம்பத்தூரில் முதல் மாநாடு. 1963 வரைக்கும் மாநிலத்தின் மூலைமுடுக்கெல்லாம் நூற்றுக்கும் மேற்பட்ட மாநாடுகள் நடந்தன. சுந்தரவடிவேலு தன் வாழ்க்கை வரலாற்றை 'நினைவு அலைகள்' என்று மூன்று பாகமாக எழுதியிருக்கிறார்; நம் கல்லூரி மாணவர்கள் அவசியம் தேடிப் படிக்க வேண்டும்.

மாநாடு என்றதும் பந்தல், மாலை, பேச்சு என்று நினைத்துவிட வேண்டாம். அதுவும் இருந்தது. ஆனால் உண்மையான வேலை மாநாட்டுக்குப் பல மாதம் முன்பே முடிந்துவிடும். ஒவ்வொரு பள்ளிக்கூடத்திலும் ஆசிரியர்களும் ஊர்க்காரர்களும் உட்கார்ந்து, இந்தப் பள்ளிக்கு என்னென்ன இல்லை என்று ஒரு பட்டியல் போடுவார்கள். நிலம், கட்டடம், கிணறு என்று பெரிய சாமான்களும் அதில் வரும். கரும்பலகை, கடிகாரம், தேசப்படம், பெஞ்சு, மணி, தண்ணீர்ப் பானை, சாப்பாட்டுத் தட்டு, ஏழைப் பிள்ளைக்குச் சீருடை என்று சின்னச் சாமான்களும் வரும். பிறகு, யாரால் எது முடியும் என்று பேசுவார்கள். நிலம் உள்ளவர் நிலம் தருவார். கொத்தனார் கூலியில்லாமல் இரண்டு நாள் வேலை தருவார். தட்டு வாங்கித் தர ஒரு கடைக்காரர் போதும். எல்லாம் சேர்ந்த பிறகுதான் மாநாட்டு மேடை. அங்கே முதலமைச்சரோ அமைச்சரோ வந்து, ஊர் பார்க்கப் பொருள்களை ஒப்படைப்பார்கள்.

என்ன வித்தியாசம் பாருங்கள். "நன்கொடை தாரீர்" என்று மொட்டையாகக் கேட்கவில்லை. "ஒரு கடிகாரம் இல்லை" என்று கேட்டார்கள். கடிகாரம் இல்லை என்று தெரிந்த பிறகு ஊரில் ஒருத்தருக்காவது மனசு உறுத்தாமல் இருக்காது. கோடிக்கணக்கான ரூபாய் பெறுமான பொருளும் கட்டடமும் இப்படி வந்தன. அன்றைக்குக் கோடி என்பது இன்றைக்கு நாம் பேப்பரில் படித்துத் தாண்டிப் போகிற கோடி இல்லை.

குறைகளும் இருந்தன. பெரிய மனுஷர்கள் இருக்கிற ஊருக்கு நிறைய வந்தது, கூலிக்காரர்கள் மட்டும் இருக்கிற குடியிருப்புக்குக் கொஞ்சமே வந்தது. சேரிப் பள்ளிக்கு யார் கடிகாரம் தருவார்? உபயம் போடுகிற வியாதியும் அங்கிருந்தே கூட வந்தது. நம்ம ஊர்ப் பக்கம் டியூப் லைட்டில் கொடுத்தவர் பேர், தகப்பனார் பேர், ஊர்ப் பேர் எல்லாம் எழுதி வெளிச்சத்தையே மறைத்துவிடுவார்கள். ஆனாலும் அந்த ஐந்தாறு வருஷத்தில் பள்ளிக்கூடம் "நம்மளது" என்ற எண்ணம் ஊருக்கு வந்தது. அதற்கு விலை போட முடியாது.

பிறகு 1964இல் மாநில அளவில் பெற்றோர் ஆசிரியர் கழகம் வந்தது. இந்தப் பகுதி நம்மில் பலருக்கும் நன்றாகவே தெரிந்த கதை. பள்ளியில் கணக்கு வாத்தியார் இல்லையென்றால், அரசாங்கம் நியமிக்கிற வரைக்கும் கழகப் பணத்தில் ஒரு பி.எஸ்சி. பட்டதாரியைப் போட்டுப் பாடம் நடத்துவார்கள். நம் கல்லூரியில் படித்து முடித்துவிட்டு, சில நூறு ரூபாய் சம்பளத்துக்கு "பி.டி.ஏ. வாத்தியாராக" வருஷக்கணக்கில் வேலை பார்த்தவர்கள் இந்த மலரைப் படிக்கிறவர்களில் எத்தனை பேர்! மாநிலக் கழகம் பத்தாம் வகுப்புக்கும் பிளஸ் டூவுக்கும் வினா வங்கி அச்சடித்து விற்றதும் ஒரு நல்ல யோசனை. பிள்ளைகளுக்குப் பயன்படுகிற பொருளை அடக்க விலைக்கு விற்கும்போது வாங்குகிறவனுக்கும் கசப்பில்லை.

கசப்பு வந்தது வேறு இடத்தில். கழகத்துக்குப் பெற்றோர் விரும்பித் தரும் சந்தா, கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்க்கை மேஜைக்கு நகர்ந்தது. ஜூன் மாசம் சேர்க்கை விண்ணப்பம், மாற்றுச் சான்றிதழ், அதோடு ஒரு ரசீதுப் புத்தகம். விருப்பம் என்று மேலே அச்சடித்திருக்கும். ஆனால் மேஜைக்கு முன்னால் பிள்ளையோடு நிற்கிற தாய்க்கு அது விருப்பமாகவா தெரியும்?

நான் வேலை பார்த்த பள்ளிகளில் ஒன்று. எந்த ஊர் என்று இங்கே வேண்டாம். ஒரு அம்மா ஆறாம் வகுப்பில் பையனைச் சேர்க்க வந்தார். புருஷன் பெங்களூரில் கட்டட வேலை. நம் மாவட்டத்துக் கிராமங்களில் பாதி வீட்டுக் கதை இதுதானே. ரசீதுத் தொகையைச் சொன்னதும் முந்தானை முடிச்சை அவிழ்த்து எண்ணிப் பார்த்தார். போதவில்லை. "நாளைக்கு எடுத்தாரேங்க" என்று பையனைக் கூட்டிக்கொண்டு போனார். மேஜையில் இருந்தவர்கள் "சரிம்மா" என்றார்கள். யாரும் அதட்டவில்லை, விரட்டவில்லை. மறுநாள் அவர் வரவில்லை. இரண்டு மாதம் கழித்து விசாரித்தபோது, குடும்பமே பெங்களூருக்குப் போய்விட்டதாகச் சொன்னார்கள். பையன் அங்கே ஜல்லி அள்ளுகிறானா, பள்ளிக்கூடம் போகிறானா, தெரியாது. அந்தத் தொகை, ஒரு தீபத்தன்று நம்ம ஊரில் ஒரு கடை விற்கிற சூடத்தின் விலைகூட இருக்காது.

அடுப்படியில் போட்ட பிடி அரிசிக்கும் சேர்க்கை மேஜையில் கேட்ட சந்தாவுக்கும் உள்ள வேறுபாடு இதுதான். இரண்டும் சின்னத் தொகை. இரண்டும் பள்ளிக்கூடத்துக்குத்தான். ஆனால் ஒன்றில், கொடுக்க முடியாதவரைக் கண்டுபிடிக்கவே முடியாது. இன்னொன்றில், கொடுக்க முடியாதவர்தான் முதலில் கண்ணில் படுகிறார். 2010 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த இலவசக் கட்டாயக் கல்விச் சட்டம், சேர்க்கைக்காக நன்கொடை வாங்கக் கூடாது என்று 13ஆம் பிரிவில் சொல்லிவிட்டது. சட்டம் வந்தது நல்லதே. இனி வழியை நாம்தான் தேட வேண்டும்.

இங்கே ஒரு சின்ன இடைச்செருகல். நம்ம ஊருக்கு உலகப் புகழ் தேடித் தந்தவர்களில் ஒருத்தரான ரமணர், 1896இல் மதுரையிலிருந்து இங்கே வந்து சேர்ந்ததே படிப்புச் சம்பளப் பணத்தில்தான். அண்ணன் தன் காலேஜ் பீஸ் கட்டச் சொல்லிய ஐந்து ரூபாயில் மூன்றை எடுத்துக்கொண்டு, இரண்டை வீட்டிலேயே வைத்துவிட்டார். உன் சம்பளம் இன்னும் கட்டவில்லை என்றும் சீட்டில் எழுதி வைத்தார். கணக்கை மறைக்கவில்லை பாருங்கள்! நம் வசூல் கமிட்டிகளுக்கு இது நல்ல முன்மாதிரி.

சரி, பணம் திரட்டப் பலரும் பல வழி பார்த்திருக்கிறார்கள். நாடகம் போடுவது நம் தலைமுறைக்குப் பழக்கமான வழி. சிவாஜி கணேசன் 1957 ஆகஸ்டில் சேலத்தில் அரங்கேற்றிய 'வீரபாண்டிய கட்டபொம்மன்' நாடகம், பிறகு பல ஊர்களில் கல்வி நிறுவனங்களின் நிதிக்காகவும் நடந்தது. அவர் பேருக்குக் கூட்டம் வரும். நாம் போட்டால்? பந்தல், மைக் செட், வேஷச் சாமான், டீ, போண்டா எல்லாம் போக மிஞ்சுவது நன்றி நவிலல்தான். அதைவிட மோசம், டிக்கெட் புத்தகத்தைப் பிள்ளைகள் கையில் கொடுத்து விற்று வரச் சொல்வது. கொடிநாள் கொடியும் காசநோய் வில்லையும் விற்க முடியாமல், அம்மாவிடம் அழுது தானே காசு கொண்டுவந்து கட்டாதவர்கள் நம்மில் உண்டா? நோக்கம் உயர்ந்ததுதான், ஆனால் விற்றது யார், வாங்கியது யார் என்று பார்த்தால் இரண்டும் ஒரே வீடு.

அமெரிக்காவில் தாய்மார்கள் 1897இல் வாஷிங்டனில் கூடித் தொடங்கிய சங்கம்தான் அந்நாட்டுப் பெற்றோர் ஆசிரியர் சங்கமாக வளர்ந்தது. வீட்டில் கேக் செய்து பள்ளிக்கூட வளாகத்தில் விற்று நிதி சேர்ப்பது அங்கே சர்வ சாதாரணம். யாழ்ப்பாணத்துக் கல்லூரிகளுக்கு லண்டனிலும் டொராண்டோவிலும் இருக்கிற பழைய மாணவர் சங்கங்கள் ஆண்டு விருந்து வைத்து, அதில் சேரும் பணத்தைத் தாங்கள் படித்த பள்ளிக்கு அனுப்புகின்றன. போர் நடந்த வருஷங்களிலும் அந்தத் தொடர்பு அறவில்லை. நமக்கோ பெங்களூர் நாலு மணி நேரம். இருந்தும் பாதிப் பேர் பள்ளிக்கூடப் பக்கம் எட்டிப் பார்ப்பதில்லை.

கொஞ்ச வருஷமாக நம் தமிழ்நாட்டில் பரவியிருக்கிற ஒரு வழக்கத்தை மட்டும் தனியாகச் சொல்ல வேண்டும். அதுதான் கல்விச் சீர். தாய்மாமன் சீர் கொண்டுபோகிற மாதிரி, ஊர் மக்கள் தாம்பாளத்தில் பழம், வெற்றிலை பாக்கோடு, பீரோ, நாற்காலி, மின்விசிறி, குடம், தட்டு, நோட்டுப் புத்தகம் எல்லாம் எடுத்துக்கொண்டு மேளதாளத்தோடு பள்ளிக்கு ஊர்வலமாக வருகிறார்கள். ஆசிரியர்கள் வாசலில் நின்று வரவேற்கிறார்கள். 1958இல் மாநாட்டு மேடையில் நடந்தது இப்போது தெருவில் நடக்கிறது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. அதைவிட இது மேல். மந்திரி வரவேண்டியதில்லை. சீர் என்ற சொல்லே போதும். சீர் கொண்டுபோகாத வீடு நம்ம பக்கத்தில் ஏது? ஒரு பாட்டி ஒரு விளக்குமாறும் ஒரு பக்கெட்டும் கொண்டுவந்தாலும் ஊர்வலத்தில் அவருக்கும் இடம் உண்டு. ஆனால் அன்றைக்கு வெறுங்கையோடு நிற்கிறவர் பிள்ளை யார் என்று யாரும் தேடிப் பார்க்காமல் இருக்க வேண்டும். அந்தக் கவனம் நடத்துகிறவர்களுக்கு வேண்டும்.

2022 டிசம்பர் 19இல் அரசாங்கம் 'நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி' என்று ஒரு திட்டம் தொடங்கி, வெளிநாட்டில் இருக்கிறவரும் தன் பழைய பள்ளிக்குப் பணம் அனுப்ப வழி செய்தது. கல்விச் சட்டப்படி அமைந்த பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கு பெற்றோர், பாதிப் பேர் பெண்கள். நம் மாநிலத்தில் 2024இல் அதை மாற்றி அமைத்தபோது முன்னாள் மாணவர்களுக்கும் இடம் கொடுத்தார்கள். ஆகவே, "எங்களைக் கேட்டாங்களா?" என்று இனி நாம் சொல்லிக்கொள்ள முடியாது.

ஒரு விஷயத்தில் மட்டும் நான் கண்டிப்பாகப் பேசுவேன். அந்த ஆறு-நாலு கணக்கு. கூரை, ஆசிரியர் சம்பளம், பாடப்புத்தகம், சாப்பாடு எல்லாம் அரசாங்கத்தின் ஆறு பங்கு. அது கிழக்குக் கோபுரம். கஜானா உள்ளவர் கட்ட வேண்டியது. மக்கள் கொடுக்கிறார்களே என்று சர்க்கார் தன் பங்கைக் குறைத்துக்கொண்டால், பெரிய மனுஷர் இருக்கிற ஊர்ப் பள்ளி மினுமினுக்கும், சேரிப் பள்ளி இருட்டில் கிடக்கும். காமராஜர் ஊரிடம் கேட்டார் என்பதையே சொல்கிறோம். கேட்டதோடு நிற்காமல் அடுத்த வருஷமே தன் பங்கை வைத்தார் என்பதை விட்டுவிடுகிறோம். கணக்கு வாத்தியாருக்கு நாம் கைக்காசு போட்டு வருஷக்கணக்கில் சமாளித்ததால்தான் அந்தப் பணியிடம் வருஷக்கணக்கில் காலியாகவே கிடந்தது என்று நினைக்கிறவன் நான். நண்பர்கள் சிலருக்கு இதில் கோபம் வரலாம். பந்தியில் பேசித் தீர்த்துக்கொள்வோம்.

நம் சங்கத்தின் செயற்குழுவில் பேசி ஒரு சின்ன ஏற்பாடு செய்திருக்கிறோம். சந்திப்பு நாளன்று கூட்ட அரங்கத்து வாசலில் ஒரு பலகை இருக்கும். பக்கத்துக் கிராமத்து அரசுப் பள்ளி ஒன்றின் மேலாண்மைக் குழுவில் இருக்கிற தாய்மார்கள் உட்கார்ந்து பேசி எழுதிக் கொடுத்த பட்டியலை அதில் ஒட்டுகிறோம். அந்தத் தாய்மார்களில் இரண்டு பேர் நம் கல்லூரியில் இப்போது படிக்கும் மாணவிகளின் அம்மாக்கள். மொத்தம் பதினேழு பொருள்கள். ஒவ்வொன்றுக்கும் எதிரே கடை விலை இருக்கிறது. விலை பெரிதாக இருக்கிற சாமானை நாலைந்து பேர் சேர்ந்து எடுத்துக்கொள்ளலாம். எடுத்துக்கொண்டவர் தன் பேரை எழுதலாம், எழுதாமல் அடித்துவிட்டு மட்டும் போகலாம். மேஜை போட்டு யாரும் உட்கார மாட்டார்கள், மேடையில் பேர் வாசிக்க மாட்டார்கள். பொருள் பள்ளிக்குப் போய்ச் சேர்ந்ததும் ரசீதின் நகல் அதே பட்டியலுக்குப் பக்கத்தில் வரும்.

கல்லூரியில் இப்போது படிக்கிற தம்பி தங்கைகள் காசு போட வேண்டாம். பட்டியலில் பன்னிரண்டாவதாக, வகுப்பறைச் சுவரில் தமிழ்நாட்டுப் படமும் இந்தியப் படமும் வரைய ஆள் வேண்டும் என்று எழுதியிருக்கிறார்கள். சுண்ணாம்பு அடித்துத் தருவது அவர்கள் பொறுப்பு.

பட்டியலில் முதலில் எழுதியிருப்பது, பெண் பிள்ளைகள் கழிவறைக் கதவுக்கு உள்தாழ்ப்பாள். இரண்டு வேண்டும். விலை நூற்றைம்பது ரூபாய்க்குள்தான்.